வேலூரிலிருந்து ஒரு பெண்கள் மடல்: புதிதாகத் தொடங்குவோருக்கு

பழைய வட ஆர்க்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்தது. அதில் வேலூர் என்று நின்ற பகுதி 2019இல் மறுபடி மூன்றாகப் பிரிந்தது. ஆயினும் காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு, அரக்கோணம் என்று பேருந்திலும் ரயிலிலும் அன்றாடம் வேலைக்குப் போய்வரும் பெண்களுக்கு அது இன்னும் ஒரே வட்டாரம்தான். இந்த வட்டாரத்திலிருந்து பெண்களுக்காக, அவர்களிலும் பெண்களை நேசிக்கும் பெண்களுக்காக, பத்துப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு செய்திமடல் கொண்டுவர வேண்டும் என்று எண்ணும் இரண்டு மூன்று பேரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நான் வேலூரில் டிடிபி வேலை, அதாவது கணினியில் அச்சுக்குப் பக்கம் அமைக்கும் வேலை, செய்து பிழைப்பவள். அத்தகைய மடல் ஒன்றுக்கு நான்கு ஆண்டுகள் பக்கம் கட்டிக் கொடுத்தவள். அதன் பெயரை எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப்போக விளங்கும்.

தொடங்கும் முன் ஒரு தெளிவு வேண்டும். அடையாளம் என்பது எங்கோ தயாராக இருக்கிறது, அதை எடுத்து விளக்கி எழுதினால் வாசகி பெற்றுக்கொள்வாள் என்ற எண்ணத்தில், புதியவர்கள் முதல் இதழ் முழுவதையும் விளக்கக் கட்டுரைகளால் நிரப்பிவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். அந்தக் கட்டுரைகளைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. கடைசிப் பக்கத்தில் இடம் மிஞ்சியதால் போட்ட ஏழு வரிக் கடிதத்துக்கு மட்டும் பதில்கள் வந்துகொண்டே இருந்தன. தன்னை எந்தச் சொல்லால் சொல்லிக்கொள்வது என்று ஒரு பெண் முதன்முதலாக யோசிப்பது, இப்படி இன்னொருத்திக்குப் பதில் எழுத உட்காரும்போதுதான் என்பதை நாங்கள் அங்கே கண்டுகொண்டோம். ஆகையால் இந்த வழிகாட்டியில் சொல்லுக்கும் கடிதப் பக்கத்துக்குமே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முன்னால் நடந்தவர்கள்

முன்னோடிகளைத் தெரிந்துகொள்வது பெருமைக்காக மட்டும் தேவைப்படுவதன்று. அவர்கள் தீர்த்த சிக்கல்களே நமக்கும் வரும். 1947 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒரு திரைப்பட நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை பார்த்த இளம்பெண் ஒருவர், வேலை குறைந்த நேரங்களில் கார்பன் தாள் வைத்து ‘வைஸ் வெர்சா’ என்ற மடலைத் தட்டச்சிட்டார். அசலோடு ஐந்து கார்பன் பிரதி. அதையே இன்னொரு முறை அடித்தால் ஆக மொத்தம் ஏறத்தாழ பன்னிரண்டு பிரதிகள். படித்தவர் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும் என்பதே விநியோக முறை. தபாலில் அனுப்பினால் ஆபாசச் சட்டத்தில் மாட்டிக்கொள்வாய் என்று தோழி எச்சரித்த பிறகு கையிலேயே கொடுத்தார். 1948 பிப்ரவரி வரை ஒன்பது இதழ்கள் வந்தன. மடலில் அவர் பெயர் இல்லை. பின்னாளில் அவர் வைத்துக்கொண்ட ‘லிசா பென்’ என்ற புனைபெயர், லெஸ்பியன் என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கியதாகும்.

1955இல் சான் பிரான்சிஸ்கோவில் டெல் மார்ட்டின், ஃபில்லிஸ் லயன் முதலானோர் தொடங்கிய ‘டாட்டர்ஸ் ஆஃப் பிலிடிஸ்’ என்ற அமைப்பு, 1956 அக்டோபரில் ‘தி லேடர்’ என்ற மடலைத் தொடங்கியது; அம்மடல் 1972 வரை வந்தது. இங்கிலாந்தில் 1964இல் ‘அரீனா த்ரீ’ வந்தது. இந்தியாவில் 1990களின் பிற்பகுதியில் மும்பையின் ஸ்திரீ சங்கம் என்ற குழு (இன்று லேபியா) ‘ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற இதழைத் தொடங்கியது. கொல்கத்தாவின் ‘சாஃபோ ஃபார் ஈக்வாலிட்டி’ அமைப்பு 2004 முதல் ‘ஸ்வகண்டே’, அதாவது ‘தன் குரலில்’, என்ற இதழை வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் கொண்டுவந்து கொல்கத்தா புத்தகக் காட்சியில் வெளிப்படையாக விற்றது. தமிழில் பெண்கள் நடத்திய இதழ்களுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட மரபு உண்டு. வை.மு.கோதைநாயகி 1925 முதல் நடத்திய ‘ஜகன்மோகினி’யைப் பாட்டிகள் அறிவார்கள், குட்டி ரேவதியின் ‘பனிக்குடம்’, மாலதி மைத்ரியின் ‘அணங்கு’ ஆகியவை இந்த நூற்றாண்டில் பெண்ணிய எழுத்துக்கென்றே வந்தவை.

இவற்றுள் நம் வேலைக்கு மிக நெருங்கியதாக நான் கருதுவது, 2002இல் உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட்டில் கிராமத்துப் பெண்கள் தங்கள் வட்டார மொழியான புந்தேலியில் தொடங்கிய ‘கபர் லஹரியா’ செய்தித்தாளைத்தான். அது லெஸ்பியன் இதழ் அன்று. ஆனால் தலைநகரத்து இந்தியைத் தள்ளிவைத்துவிட்டுத் தங்கள் வட்டாரப் பேச்சிலேயே எழுதினால்தான் தங்கள் செய்தி தங்களுடையதாக இருக்கும் என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள். சென்னையின் சொற்களை வேலூரில் ஒட்டவைப்பதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

மடலுக்குப் பெயர் வைத்தல்

பிலிடிஸ் என்பது ஒரு பிரெஞ்சுக் கவிதைத் தொகுப்பில் வரும் கற்பனைப் பெண்ணின் பெயர். விஷயம் தெரிந்தவர்களுக்குப் புரியும், தெரியாதவர்கள் ஏதோ மாதர் சங்கம் அல்லது கவிதைக் குழு என்று நினைத்துக்கொள்வார்கள் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். இதே அளவுகோலை நீங்களும் வைத்துக்கொள்ளலாம்: கூடத்து அலமாரியில் மேலட்டை தெரியக் கிடந்தாலும் வீட்டிலுள்ளோர் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத பெயராக இருக்க வேண்டும், அதே நேரத்தில், உரியவளுக்கு அது தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று தெரிய வேண்டும். விடுதலை, புரட்சி, விழி, சிறகு ஆகிய சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். அவை மோசமான சொற்கள் என்பதால் அன்று, ஏற்கெனவே ஆயிரம் பேர் எடுத்துத் தேய்த்துவிட்டார்கள் என்பதால். எங்கள் கூட்டத்தில் ஒருவர் ‘புழக்கடை’ என்று சொன்னார். எங்கள் பக்கத்துப் பேச்சில் அது ‘பொயக்கட’. துணி துவைப்பதும் தலை உலர்த்துவதும் இரண்டு பெண்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவதும் அங்கேதான். நாங்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. வேண்டுமானால் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

எந்தச் சொல்லால் எழுதுவது

மடலின் ஆசிரியர் குழு தன் சொந்த எழுத்தில் பயன்படுத்தும் சொற்களை முதல் இதழுக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். இதற்கு உதவியாக ஓர் ஆவணம் இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட ஒரு பெண் இணையரின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த ஆணையும் அதைத் தொடர்ந்த விசாரணைகளும், தன் பாலினத்தாரை நேசிப்போர், திருநர் முதலான இச்சமூகத்தாரை இழிவின்றிக் குறிக்கத் தமிழில் ஒரு சொற்பட்டியல் வேண்டும் என்ற நிலைக்கு அரசைக் கொண்டுவந்தன. 2022 ஆகஸ்டில் அது அரசிதழில் வெளியானது. தன்பாலீர்ப்பு என்ற சொல் இன்று நாளிதழ்களில் இயல்பாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம். இவர்கள் எல்லோரையும் சேர்த்துக் குறிக்க இயக்கத்தவர் பயன்படுத்தும் ‘பால்புதுமையர்’ என்ற சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது. ஆசிரியர் உரையிலும் சட்டச் செய்திகளிலும் இவற்றைப் பயன்படுத்துங்கள்.

வாசகியின் கடிதத்தில் மட்டும் இச்சொற்களை நுழைக்காதீர்கள். இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லியாக வேண்டும். மூன்றாவது இதழுக்கு, கோடு போட்ட நோட்டுத் தாளில் ஒரு கடிதம் வந்தது. பீடி சுற்றும் பெண். தாளில் புகையிலை நெடி இருந்தது. “நான் ஒரு” என்று எழுதி, அடுத்த சொல்லை அடித்திருந்தார். மேலே வேறொன்று எழுதி அதையும் அடித்திருந்தார். மூன்றாவதையும் அடித்துவிட்டுக் கடைசியில் “அந்த மாதிரி” என்று எழுதியிருந்தார். தட்டச்சு செய்யும்போது என் கை தன்னால் ‘தன்பாலீர்ப்பாளர்’ என்று அடித்துவிட்டது, திருத்துவதாகவே நினைத்தேன். மெய்ப்புப் பார்த்த தோழி கையெழுத்துப் பிரதியை அருகில் வைத்துப் படித்துவிட்டு, “இந்த அம்மா இதை எழுதலையே” என்று மட்டும் சொன்னார். மூன்று அடித்தல்களையும் கோடிட்ட புள்ளிகளாகக் காட்டி, ‘அந்த மாதிரி’ என்பதை அப்படியே விட்டு அச்சிட்டோம்.

அடுத்த இதழுக்கு வந்த கடிதம் ஒன்று, “இப்படிக்கு, இன்னொரு அந்த மாதிரி” என்று முடிந்திருந்தது. அதற்கடுத்த இதழில் நான்கு பேர் அப்படிக் கையெழுத்திட்டிருந்தார்கள். பிறகு, ஐம்பதைத் தாண்டிய ஒரு வாசகி கோபமாக எழுதினார்: தன் ஊரில் அந்த இரண்டு சொற்களை ஒரு பெண்மேல் எறிந்தால் அதற்கு வேறு பொருள் என்றும், அந்த வசவைக் கேட்டுத்தான் இருபது வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பியதாகவும், இளைய பெண்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வது தனக்குப் பிடிக்கவில்லை என்றும் சொல்லியிருந்தார். இந்த வாக்குவாதம் மூன்று இதழ்கள் நடந்தது. ஆசிரியர் குழு தீர்ப்புச் சொல்லவில்லை. ஆம்பூரிலிருந்து ஒரு பெண், தங்கள் வீட்டு உருதுவில் ‘சஹேலி’ என்றால் போதும், வேறு பெயர் எதற்கு என்று எழுதினார். ‘தோழி’ என்பதே சரி என்று சங்க இலக்கியம் படித்த ஒருவர் வாதிட்டார். தோழிக்குச் சங்கப் பாட்டில் தலைவியைத் தலைவனிடம் சேர்ப்பதுதானே வேலை என்று இன்னொருவர் மடக்கினார். அடையாளம் உருவாவதைக் கண்ணால் பார்க்க முடியுமென்றால், நான் அதைப் பார்த்தது அந்த மூன்று இதழ்களின் மெய்ப்பில்தான்.

பெரிய இடத்திலும் இந்த வாதம் நடக்கிறது. 2025 மே மாதம், வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரை எதிர்மனுதாரராகக் கொண்ட ஓர் ஆட்கொணர்வு மனுவில் பெண் இணையர் ஒருவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, ‘குயர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் விசித்திரமானது என்று பொருள் இருக்க, அச்சொல்லால் அவர்களை ஏன் குறிக்க வேண்டும் என்று கேட்டது. அச்சொல்லை வசவிலிருந்து மீட்டெடுத்தவர்கள் அதற்கு வேறு பதில் சொல்லக்கூடும். உங்கள் மடலில் இரண்டுக்கும் இடம் இருக்கட்டும்.

கடிதப் பக்கம்

பன்னிரண்டு பக்கத்தில் ஐந்து பக்கமாவது கடிதங்களுக்கு விடுங்கள். ‘தி லேடர்’ இதழுக்கு 1957இல், பின்னாளில் புகழ்பெற்ற கறுப்பின நாடக ஆசிரியர் லொரெய்ன் ஹான்ஸ்பெர்ரி, முதலெழுத்துகளை மட்டும் இட்டு இரண்டு கடிதங்கள் எழுதினார். அப்போது அவர் ஓர் ஆணின் மனைவி. மணமான பெண்ணும் எழுதலாம் என்ற உறுதியை ஒரு கடிதப் பக்கம் தரவில்லையென்றால், நம் ஊரில் அதற்கு எழுதக்கூடியவர்களில் பாதிப் பேர் எழுத மாட்டார்கள்.

பெரிய நகரத்து இதழுக்கு இல்லாத ஒரு சிக்கல் வட்டார மடலுக்கு உண்டு. சென்னையில் பெயரை மாற்றினால் ஆளை மறைத்துவிடலாம், பேர்ணாம்பட்டில் முடியாது. பேருந்து வரும் நேரம், காலணித் தொழிற்சாலையில் எந்தப் பிரிவு, வீட்டுக்கு எதிரே வேப்பமரமா புளியமரமா என்பதிலிருந்தே ஆள் தெரிந்துவிடும். நாங்கள் ஒருமுறை இதில் பெரிய தவறு செய்தோம். பெயரை மாற்றினோம், ஊரையும் மாற்றினோம். அண்ணன் வைத்திருக்கும் செல்போன் கடையையும், அவருக்குக் கால் முறிந்ததையும் அப்படியே விட்டுவிட்டோம். மடல் பக்கத்துத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் அதன்பின் எழுதவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டு நாங்கள் அவரைத் தேடிப்போவதும் அவருக்கு ஆபத்து என்பதால் பேசாமல் இருக்க வேண்டியதாயிற்று. அதன்பிறகு வகுத்துக்கொண்ட நடைமுறையை அப்படியே தருகிறேன்.

கடிதம் வந்ததும் ஒருவர் தட்டச்சு செய்ய வேண்டும். அதே வட்டாரத்தைச் சேர்ந்த இன்னொருவர், “இது யாரென்று எனக்குத் தெரிகிறதா” என்ற ஒரே கேள்வியோடு அதைப் படிக்க வேண்டும். ஊர், உறவினரின் தொழில், தேதி, நோய், விபத்து, திருவிழாவின் பெயர் ஆகியவற்றில் ஆளைக் காட்டக்கூடியதை மாற்றுங்கள். மாற்றும்போது வாழ்க்கையின் தரத்தை மாற்றிவிடாதீர்கள். பீடி சுற்றுபவரை ஆசிரியை ஆக்கினால் மறைவு கிடைக்கும், கடிதம் செத்துவிடும். குடியாத்தத்துத் தீப்பெட்டி வேலைக்கு மாற்றினால் கூலியும் முதுகுவலியும் ஏறத்தாழ அப்படியே இருக்கும். பக்கம் கட்டிய பிறகு, முடிந்தவரை, எழுதியவருக்குத் தொலைபேசியில் முழுவதையும் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். வாசிக்கும்போது எதிர்முனையில் மௌனம் நீண்டால், அந்தக் கடிதத்தை அடுத்த இதழுக்குத் தள்ளிவையுங்கள்.

புனைபெயர்களுக்கு ஒரு பதிவேடு வேண்டும். அதில் உண்மைப் பெயர் இருக்கக் கூடாது. புனைபெயரும் அது முதலில் வந்த இதழ் எண்ணும் போதும். இரண்டு பேர் ஒரே பெயரில் எழுதிவிட்டு, ஒருத்தி எழுதிய பதிலுக்கு மற்றவள் மனம் புண்பட்ட கதை எங்களுக்கு உண்டு. ஃபில்லிஸ் லயன் ‘தி லேடர்’ இதழை ஆன் ஃபெர்குசன் என்ற புனைபெயரில் தொடங்கினார்; வாசகியரிடம் “உங்கள் பெயர் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது” என்று எழுதிவிட்டுத் தன் பெயரைத் தானே மறைத்திருப்பது அவருக்கே உறுத்த, நான்காம் இதழில் ஆன் ஃபெர்குசன் இறந்துவிட்டதாக அறிவித்துச் சொந்தப் பெயருக்கு வந்தார். இதைக் கேட்டதும் புதியவர்கள் உற்சாகமாகிவிடுகிறார்கள். ஆசிரியர் பெயரை வெளிப்படுத்துவது நல்லதா என்று என்னைக் கேட்டால், வீட்டு வாடகையை யார் கொடுக்கிறார்கள் என்று முதலில் கேட்பேன்.

பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் கடிதத்தை எந்தப் பெயரிலும் அச்சிடாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரியும் கடிதத்துக்கு அடுத்த இதழ் வரை பதில் காத்திருக்கக் கூடாது. ஒவ்வோர் இதழிலும் ஒரே இடத்தில், பெட்டிக்குள், மகளிர் உதவி எண் 181, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416, தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104, இலவசச் சட்ட உதவிக்கான 15100 ஆகியவற்றைப் போடுங்கள். வீட்டைவிட்டு வா என்றோ, கல்யாணத்துக்குத் தலையாட்டு என்றோ அச்சில் யாருக்கும் யோசனை சொல்லாதீர்கள்; வாசகியர் தங்களுக்குள் தங்கள் கதையைச் சொல்லிக்கொள்வதோடு நிற்கட்டும்.

சட்டச் செய்தி

இதற்கு ஒரு பக்கம் போதும், ஆனால் பிழையின்றி இருக்க வேண்டும். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத்தாராயினும் வயது வந்தோர் சம்மதத்துடன் தனிமையில் கொள்ளும் உறவு, அன்றிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. 2022இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்க்கப்பட்டு, இச்சமூகத்தாரையும் அவர்களுக்காகப் பணியாற்றுவோரையும் காவலர் துன்புறுத்துவது தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டில் தேசிய மருத்துவ ஆணையம், பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சையைத் தொழில்முறை நடத்தைக் கேடு என்று அறிவித்தது. மருத்துவமனைகளால் பெயர்பெற்ற ஊரில், மகளை டாக்டரிடம் காட்டி ‘சரிசெய்து’விடலாம் என்று நம்பி வரும் குடும்பங்கள் உண்டு என்பதால் இந்தக் கடைசிச் செய்தியை நாங்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபடி போட்டோம். மேலே சொன்ன 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பு, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று, தானே தேர்ந்துகொண்ட குடும்பத்துக்கும் மதிப்புண்டு என்று சொன்னது. ஒரே பாலினத்தார் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு இல்லை என்ற 2023 அக்டோபர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் கூடவே எழுதுங்கள். பாதி உண்மையைப் படித்துவிட்டுப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் பெண்ணுக்கு நாம்தான் பொறுப்பு. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு.

மடலுக்கும் சட்டம் உண்டு. 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள பருவ இதழ்கள் பதிவுச் சட்டம், குறிப்பிட்ட இடைவெளியில் அச்சாகிப் பொதுச் செய்திகளையோ அவை பற்றிய கருத்துகளையோ தாங்கிவரும் வெளியீடுகளைப் பதிவு செய்யச் சொல்கிறது. சிற்றிதழ்களின் மேலட்டையில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போடும் வழக்கம் தமிழில் பழையது. அதைப் போட்டுவிட்டால் எல்லாச் சட்டமும் விலகிக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். அவதூறு வழக்கு தனிச்சுற்று மடலின்மீதும் வரும். விலை வைத்து விற்கவோ, மாதந்தோறும் கொண்டுவரவோ எண்ணினால் முன்கூட்டியே ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

பக்கம் கட்டுதலும் அச்சும்

இது என் தொழில் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஏ4 தாளைக் குறுக்கே மடித்தால் நான்கு பக்கம். ஆகவே மடலின் மொத்தப் பக்கம் எப்போதும் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். பன்னிரண்டு பக்கத்துக்கு மூன்று தாள். முதல் தாளின் வெளிப்புறத்தில் இடப்பக்கம் 12, வலப்பக்கம் 1. அதன் உட்புறத்தில் 2, 11. இரண்டாம் தாளில் 10, 3. உட்புறம் 4, 9. மூன்றாம் தாளில் 8, 5. உட்புறம் 6, 7. அருகருகே வரும் இரு பக்க எண்களைக் கூட்டினால் எப்போதும் 13 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தவறியிருக்கிறீர்கள். நூற்றைம்பது பிரதிக்கு 450 தாள்; ஒரு ரீமில் 500 இருப்பதால் மீதி ஐம்பது சேதாரத்துக்குச் சரியாக இருக்கும். இந்த அளவுக்கு ஆஃப்செட் தேவையில்லை, ஜெராக்ஸ் போதும்.

எந்தக் கடை என்பதுதான் சிக்கல். கல்லூரி வாசலில் உள்ள கடைகளில் கூட்டம் அதிகம். ஒரு தாள் பறந்து விழுந்தால் பத்துப் பேர் எடுத்துப் படிப்பார்கள். ஒரு கடையில், பணியாள் எங்கள் பக்கம் ஒன்றைக் கைப்பேசியில் படம் பிடித்ததைக் கண்டு வேலையைப் பாதியில் நிறுத்தி எடுத்துவந்திருக்கிறோம். வசதியிருந்தால் பழைய லேசர் பிரிண்டர் ஒன்றை வாங்கி வீட்டிலேயே அடிப்பது மேல். எழுத்தை யூனிகோடில் வையுங்கள். பழைய எழுத்துருவில் அடித்தால் கணினி மாறும்போது பழைய இதழ்களைத் திறக்க முடியாமல் தவிப்பீர்கள். எழுத்து பன்னிரண்டு புள்ளிக்குக் குறையக் கூடாது. பீடி சுற்றும் இடத்தில் ஒருத்தி படிக்க மற்றவர்கள் இலை வெட்டிக்கொண்டே கேட்பது வழக்கமாதலால், பத்தி நீண்டால் கேட்பவர் தொடர்பை விட்டுவிடுவார். எழுதி முடித்ததை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, மூச்சு வாங்கும் இடத்தில் பத்தியை வெட்டுங்கள். உருது மட்டுமே எழுதத் தெரிந்தவரின் கடிதத்தைக் கையெழுத்தாகவே ஸ்கேன் செய்து போட்டு, பக்கத்தில் தமிழில் தரலாம்.

முகம் தெரியும் புகைப்படம் வேண்டாம். ‘தி லேடர்’ தன் மேலட்டையில் உண்மையான பெண்களின் படங்களைப் போட, தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆயின. 1964 நவம்பர் இதழின் அட்டையில் வந்தவர் இந்தோனேசியாவிலிருந்து எழுதிய வாசகி ஒருவர். அமெரிக்க வாசகியர் பலர் அப்போதும் கறுப்புக் கண்ணாடியோடும் பக்கவாட்டிலும்தான் படமெடுத்துக்கொண்டார்கள். நாங்கள் கைகளை மட்டும் படம் பிடித்துப் போட்டோம். அதிலும் ஒரு மோதிரத்தை அழிக்க வேண்டியிருந்தது.

கொண்டுசேர்த்தல்

பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செலவே இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். தங்கையின் கைப்பேசியை அண்ணன் திறந்து பார்ப்பது உரிமை என்று நினைக்கும் வீடுகளில் தாள்தான் பாதுகாப்பு: படித்துவிட்டுக் கொடுத்துவிடலாம், கிழித்துவிடலாம், அடுப்பில் போடலாம். கல்லூரி விடுதிப் பெண்களுக்குப் பிடிஎஃப் சரி. எது வேண்டும் என்று அவரவரையே கேளுங்கள். கையோடு கை கொடுப்பதே முதல் வழி. தபால் என்றால் சாதாரணத் தபாலில், பழுப்பு உறையில், உள்ளிருப்பது வெளியே தெரியாதபடி ஒரு வெள்ளைத் தாளைச் சுற்றி அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் விரைவுத் தபாலோடு சேர்க்கப்பட்டுவிட்டது. கையெழுத்துக் கேட்டு வாசலில் நிற்கும் தபால் நமக்கு எப்படியும் உதவாது. கடிதம் வருவதற்கு வீட்டு முகவரிக்குப் பதில் தலைமை அஞ்சலகத்தில் ஓர் அஞ்சல் பெட்டி எடுப்பது நல்லது. குழுவில் ஒருவர் மட்டும் சாவி வைத்திருக்கட்டும்.

பெறுவோர் பட்டியலை ஒரே கோப்பில் வைக்காதீர்கள். ஊருக்கு ஒருவர் பத்துப் பன்னிரண்டு பேரை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். நூற்றைம்பது பிரதி அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

சேமித்தல்

ஒவ்வோர் இதழிலும் இரண்டு பிரதியைத் தனியே வையுங்கள். ஓராண்டிலேயே நடுப் பின் துருவேறித் தாளில் கறை இறங்கும். சேமிக்கும் பிரதியில் பின்னைக் கழற்றிவிட்டு, பூ கட்டும் வாழை நார் வேண்டாம், பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். நியூயார்க்கில் 1974இல் தொடங்கிய லெஸ்பியன் ஹெர்ஸ்டரி ஆவணக் காப்பகம், இப்படிச் சிலர் கட்டிலுக்கடியில் வைத்திருந்த மடல்களையெல்லாம் திரட்டித்தான் வளர்ந்தது. நம் பக்கத்தில், பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியில் உள்ள கம்ரா காப்பகம் இத்தகைய ஆவணங்களைச் சேர்த்துவருகிறது.

அச்சிட்ட மடலை எங்கே கொடுத்தாலும் கொடுங்கள். கையால் எழுதி வந்த கடிதங்களை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். எழுதியவர் கேட்டால் அவரிடமே திருப்பித் தர வேண்டும். கேட்காவிட்டால், இதழ் வந்து மூன்று மாதத்துக்குள் அழித்துவிட வேண்டும். வரலாற்று மாணவி ஒருவர் இதைக் கேட்டு என்னிடம் வருத்தப்பட்டார், எனக்கும் வருத்தம்தான். மூன்று அடித்தல்களோடு வந்த அந்த நோட்டுத் தாளை நான் ஓராண்டுக்கும் மேல் மேசை இழுப்பறையில் வைத்திருந்து, விதியை நானே மீறியதை ஒப்புக்கொண்டு, பிறகுதான் அழித்தேன். அழிக்கும்போது உறையை மறந்துவிடாதீர்கள். கடிதத்தில் ஊர்ப் பெயர் இல்லாவிட்டாலும், தபால்தலையின் மேல் குத்திய முத்திரையில் அஞ்சலகத்தின் பெயரும் தேதியும் தெளிவாக இருக்கும்.